ஒன்று அனுப்பிக் காத்திருப்பதா, வரிசையாக அனுப்பிவிட்டுத் திருத்துவதா? டேட்டா லிங்க் புரொட்டோக்காலைத் தேர்ந்தெடுப்பது

பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. வீட்டுக்கும் போர்வெல்லுக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர். தோப்புக்குச் சொந்தக்காரருக்கு மோட்டார் போட அவ்வளவு தூரம் நடக்கிற வயது இல்லை. வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே லோரா என்ற தொலைதூர ரேடியோ என்று செய்து கொடுத்தேன். ஒரே ஒரு பட்டன்தான். அமுக்கினால் மோட்டார் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். பொருத்திய இரண்டாவது வாரம் போன் வந்தது.

"தம்பி, பட்டன அமுக்கினா மோட்டார் ஓடுதுங்க. ரெண்டு எண்றதுக்குள்ள நின்னுருதுங்க."

"தினமும் அப்படி ஆகுதுங்களா ஐயா?"

"தினமும் இல்லீங்க. சாயங்காலம் ஆச்சுன்னா அப்பப்போ."

முதல் தடவை போனபோது வோல்டேஜைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் தடவை ரிலேயை மாற்றினேன். மூன்றாம் தடவை ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்திலேயே லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆறரை மணி இருக்கும், திரையில் அது தெரிந்தது. வீட்டிலிருந்து ஒரு கட்டளை வந்தது, மோட்டார் ஓடியது, இந்தப் பெட்டி "கிடைத்தது" என்று பதில் அனுப்பியது. சரியாக இரண்டு வினாடி கழித்து அதே கட்டளை இன்னொரு முறை வந்தது, மோட்டார் நின்றது. பட்டனை யாரும் இரண்டாவது முறை அமுக்கவில்லை. நடந்தது இதுதான்: பதில் ஃபிரேம் (ஒரே கட்டாகப் போகும் பிட்டுகள்) வழியில் தொலைந்துபோனது. பதில் வராததால் வீட்டுப் பெட்டி, கட்டளையே போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்பியது. கட்டளையோ "ஓடு" என்பதல்ல, "நிலையை மாற்று" என்பது. இரண்டு முறை மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும்.

தப்பு ரேடியோவில் இல்லை, ரிலேயில் இல்லை. நான் எழுதிய புரொட்டோக்காலில், அதாவது இரண்டு பெட்டிகளும் பேசிக்கொள்ளும் விதிமுறையில், வரிசை எண் இல்லை. ஒரே ஒரு பிட் போதுமாக இருந்தது.

அந்த ஒரு பிட்டை 1969-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஸ்கேண்டில்பரி, வில்கின்சன் மூவரும் வெளியிட்ட சின்னக் குறிப்பு அது. ஒவ்வொரு புது ஃபிரேமுக்கும் 0, 1, 0, 1 என்று மாறி மாறி ஒரு பிட் வைக்க வேண்டும். பெறும் முனை, போன தடவை வந்த அதே எண் மறுபடி வந்தால் "கிடைத்தது" என்று பதில் மட்டும் சொல்ல வேண்டும், வேலையைத் திரும்பச் செய்யக்கூடாது. மாற்று பிட் புரொட்டோக்கால் என்று பாடப்புத்தகங்களில் அரைப் பக்கத்தில் கடந்து போகிற விஷயம் இது. அந்த அரைப் பக்கத்தின் அருமை எனக்குத் தோப்பில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் யாராவது "இந்த இணைப்புக்கு எந்த புரொட்டோக்கால் போடலாம்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். வழியில் ஒரே நேரத்தில் எத்தனை ஃபிரேம் கொள்ளும்? ஒரு ஃபிரேம் தொலைந்தால் அல்லது இரட்டித்தால் என்ன ஆகும்? இவை இரண்டுக்கும் பதில் தெரிந்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. பதில் தெரியாமல் "நவீனமானது எது" என்று தேடினால், மில்லுக்குள் ஓடும் ஒரு கம்பிக்கு செயற்கைக்கோளுக்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு அதைப் பழுது பார்த்துக்கொண்டே இருப்போம்.

நெட்வொர்க் வேலைகளை அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள்; அதில் டேட்டா லிங்க் அடுக்கின் வேலை, நேரடியாக இணைந்த இரண்டு முனைகளுக்கு நடுவே மட்டும்தான். பிட்டுகளின் ஓட்டத்தில் ஒரு ஃபிரேம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட வேண்டும். வந்தது கெட்டுப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கெட்டதை மீட்க வேண்டும். பெறுபவர் திணறாதபடி வேகத்தை அடக்க வேண்டும். மேல் அடுக்கில், இணையத்தில் தரவு ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டி.சி.பி. இருக்கிறதே, அதுவே திரும்ப அனுப்பிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். டி.சி.பி. இருக்கிற இடத்தில், சுத்தமான கம்பியாக இருந்தால், விட்டுவிடலாம். ஈதர்நெட் அப்படித்தான் செய்கிறது: கெட்ட ஃபிரேமை எறிந்துவிடும், திரும்பக் கேட்காது. வைஃபை அப்படி விட முடியாது. காற்றில் இழப்பு அதிகம் என்பதால் அதே இடத்திலேயே மீட்டுக்கொள்கிறது. மீட்டர், பம்பு, சென்சார் போன்ற சின்னக் கருவிகளிலோ பெரும்பாலும் டி.சி.பி.யே கிடையாது. இந்த அடுக்கு சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மீட்கும் முறையை முதலில் பார்ப்போம், எல்லோரும் குழம்புவது அங்கேதான். நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, மீட்கவே வேண்டாம் என்று விடுவது. இதை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று முப்பது வினாடிக்கு ஒருமுறை சொல்லும் சென்சாருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒன்று தொலைந்தால் அடுத்த அளவு அரை நிமிடத்தில் வந்துவிடும், பழைய அளவைத் திரும்ப வாங்கி என்ன செய்யப் போகிறோம்? பேட்டரியில் ஓடும் கருவியாக இருந்தால் பதிலுக்காக ரேடியோவை விழித்திருக்க வைக்கும் செலவும் மிச்சம். ஆனால் இது அளவீடுகளுக்கு மட்டும்தான். கட்டளைகளுக்கு ஆகாது.

அடுத்து ஸ்டாப் அண்ட் வெயிட். ஒரு ஃபிரேம் அனுப்பு, "கிடைத்தது" வரும்வரை காத்திரு, வரவில்லையென்றால் திரும்ப அனுப்பு. மூன்றாவது கோ-பேக்-என்: பதிலுக்குக் காத்திராமல் ஒரு விண்டோ அளவுக்கு (பதில் வராமலே அனுப்பலாம் என்று வைத்த எண்ணிக்கை) வரிசையாக அனுப்பிக்கொண்டே இரு, நடுவில் ஒன்று கெட்டால் அந்த இடத்துக்குத் திரும்பிப்போய் அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பு. நான்காவது செலக்டிவ் ரிப்பீட்: கெட்டதை மட்டும் அனுப்பு, மற்றதைப் பெறுபவர் எடுத்து வைத்திருப்பார்.

படித்தவுடன் நான்காவதுதான் சிறந்தது என்று தோன்றும். அது எப்போது சிறந்தது என்பதை ஒரு வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன். போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே பாத்தி இருந்தால், மடையைத் திறந்ததும் தண்ணீர் வந்துவிடும், அடைத்ததும் நின்றுவிடும். வாய்க்கால் ஒரு கிலோமீட்டர் என்றால், இங்கே அடைத்த பிறகும் வழியில் இருக்கிற தண்ணீர் அங்கே போய்க்கொண்டே இருக்கும். இணைப்பும் அப்படித்தான். வழியில் எவ்வளவு கொள்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு பிட் மறுமுனைக்குப் போய்ச் சேரும் நேரத்தை, ஒரு முழு ஃபிரேமை அனுப்பி முடிக்கும் நேரத்தால் வகுத்தால் வருவதை "அ" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் அண்ட் வெயிட்டில் இணைப்பின் பயன்பாடு 1/(1+2அ). அ சின்னதாக இருந்தால் காத்திருப்பதில் நஷ்டமே இல்லை.

ஒரு நூற்பு மில்லை எடுத்துக்கொள்வோம். 900 மீட்டர் ஆர்.எஸ்-485 கம்பி (தொழிற்சாலைக் கருவிகளை இணைக்கும் கம்பித் தரம்), வினாடிக்கு 9600 பிட். 32 பைட் ஃபிரேம், ஸ்டார்ட் பிட் ஸ்டாப் பிட் சேர்த்து 320 பிட், அனுப்ப 33 மில்லிவினாடி. கம்பியில் அலை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மைக்ரோவினாடி எடுக்கும். 900 மீட்டருக்கு நாலரை மைக்ரோவினாடி. அ என்பது 0.00014-ஐக்கூடத் தொடவில்லை. ஃபிரேமின் முதல் பிட்டே அனுப்பி முடிவதற்குள் மறுமுனையைத் தொட்டுவிடுகிறது. வழியில் கொள்வது ஒரு பிட்டில் சின்னத் துண்டுதான். இங்கே விண்டோ வைத்து எதை நிரப்புவது? தவிரவும் இரண்டு கம்பியில் ஓடும் ஆர்.எஸ்-485-இல் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசிக்கொண்டே பதில் கேட்கும் வசதியே இல்லை.

இப்படிப்பட்ட மில்லில் 24 எனர்ஜி மீட்டர்களை மோட்பஸ் ஆர்.டி.யு. என்ற கருவிப் புரொட்டோக்காலில் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின், அதாவது கேட்கும் முனையின், கேள்வி 8 பைட், 20 ரெஜிஸ்டருக்கான (மீட்டர் அளவுகளை வைத்திருக்கும் இடங்கள்) பதில் 45 பைட். பாரிட்டி என்ற சோதனை பிட் சேர்த்து எழுத்துக்கு 11 பிட் என்றால் கம்பியில் 61 மில்லிவினாடி. மீட்டர் யோசிக்க எடுக்கும் நேரம், நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 120 மில்லிவினாடி என்று தாராளமாக வைத்தாலும், 24 மீட்டரும் மூன்று வினாடிக்குள் முடிந்துவிடும். மில்லுக்கு வேண்டியது நிமிடத்துக்கு ஒருமுறை. 1979-இல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்த மோட்பஸ், கேள்வி ஒன்று பதில் ஒன்று என்று ஸ்டாப் அண்ட் வெயிட்டாகவே இன்றும் ஓடுவதற்குக் காரணம் இதுதான். அந்த இடத்தில் அது பழையது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை.

தோப்பு ரேடியோவுக்கு வருவோம். ஒன்றரை கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோவினாடி. அ இங்கேயும் பூஜ்யம்தான். ஆனால் லோராவில் வேறொரு செலவு இருக்கிறது. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (சிக்னலை எவ்வளவு நீட்டி அனுப்புகிறோம் என்ற அளவு) 10, 125 கிலோஹெர்ட்ஸில் 20 பைட் ஃபிரேம் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 370 மில்லிவினாடி. வெறும் 5 பைட் பதில் ஃபிரேம் 250 மில்லிவினாடி. பைட்டில் நாலில் ஒரு பங்கு, நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு! ஒவ்வொரு ஃபிரேமின் முன்னாலும் போகும் முன்னோட்டக் குறியே 100 மில்லிவினாடி தின்றுவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் என்பது இங்கே விலை அதிகம்.

ஆகவே மோட்டார் கட்டளைக்கு ஸ்டாப் அண்ட் வெயிட்டே சரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகிற கட்டளைக்கு யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆனால் அதே ரேடியோவில் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்த அளவீடுகளை மொத்தமாக அனுப்ப வேண்டும் என்றால், எட்டு ஃபிரேமை வரிசையாக அனுப்பிவிட்டு ஒரே பதில் வாங்குவேன். அந்தப் பதிலில் எட்டு பிட், எது வந்தது எது வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். வராததை மட்டும் திரும்ப அனுப்பலாம். இது செலக்டிவ் ரிப்பீட்தான், ஆனால் போடும் காரணம் தூரம் அல்ல, பதிலின் விலை. வைஃபையும் இதே வழியில்தான் வளர்ந்தது. ஆரம்பத்தில் ஃபிரேமுக்கு ஒரு பதில். 802.11என் தலைமுறையில் பல ஃபிரேம்களைக் கட்டாக அனுப்பி, 64 பிட் வரைபடத்தை ஒரே பதிலாக வாங்கிக்கொள்ளத் தொடங்கியது.

செயற்கைக்கோளுக்குப் போனால்தான் கதை தலைகீழாகிறது. புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கிலோமீட்டர் உயரம். ஏறி இறங்கவே ஒருவழிக்கு 238 மில்லிவினாடிக்குக் குறையாது, 250 என்று வைப்போம். வினாடிக்கு 10 லட்சம் பிட், 1000 பைட் ஃபிரேம் என்றால் அனுப்ப 8 மில்லிவினாடி. அ இப்போது 31.25. ஸ்டாப் அண்ட் வெயிட் போட்டால் பயன்பாடு 1/63.5, ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். பத்து லட்சத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் பதினாறாயிரத்தில் ஓட்டுவோம். 8 மில்லிவினாடி பேசிவிட்டு அரை வினாடி வாய்மூடி நிற்கிறோம்.

மோடம் காலத்தில் இதை அனுபவித்தவர்கள் நிறையப் பேர். வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் 128 பைட் அனுப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு நிற்கும். பக்கத்து ஊர் போன் லைனில் பரவாயில்லை, தாமதம் உள்ள இணைப்பில் ஊர்ந்தது. சக் ஃபோர்ஸ்பெர்க் 1986-இல் இசட்மோடத்தைக் கொண்டுவந்து நிற்காமல் அனுப்ப வைத்தார். அதற்காக எக்ஸ்மோடம் சாகவில்லை. இன்றும் பல போர்டுகளின் பூட்லோடரில் (போர்டு துவங்கும்போது ஓடும் சின்ன நிரல்), மேசைமேல் ஒரு மீட்டர் கேபிளில், அதுதான் வேலை செய்கிறது. அங்கே அ பூஜ்யம்.

செயற்கைக்கோள் வழியை நிரப்ப 64 ஃபிரேம் விண்டோ வேண்டும். மூன்று பிட் வரிசை எண் போதாது. அதில் அதிகபட்ச விண்டோ 7, பயன்பாடு 11 சதவீதத்தோடு நின்றுவிடும். ஏழு பிட் எண்ணாக, 0 முதல் 127 வரை, எடுத்துக்கொண்டால் கோ-பேக்-என்னுக்கு 127 வரை விண்டோ வைக்கலாம். செலக்டிவ் ரிப்பீட்டுக்கு 64 மட்டும்தான். நமக்குத் தேவை 63.5 என்பதால் நூலிழையில் தப்பித்தோம்.

ஏன் பாதிதான் என்பது மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற இடம். மூன்று பிட் எண்ணில் செலக்டிவ் ரிப்பீட்டுக்கு விண்டோ 7 வைத்ததாக நினையுங்கள். 0 முதல் 6 வரை அனுப்பினோம், எல்லாம் போய்ச் சேர்ந்தது, பதில்கள் எல்லாம் தொலைந்தன. அனுப்பியவர் பழைய 0-ஐத் திரும்ப அனுப்புகிறார். பெறுபவரோ இப்போது 7, அப்புறம் புதிய 0, 1, 2 என்று எதிர்பார்த்து நிற்கிறார். பழைய 0 வந்ததும் புதியது என்று நம்பி எடுத்து வைத்துவிடுவார். சி.ஆர்.சி. என்ற பிழை சோதனை எண் சரி, வரிசை எண் சரி, உள்ளே இருப்பது மட்டும் தப்பு. என் மோட்டார் கதையேதான் இது, பெரிய அளவில். பழைய எண்களும் புதிய எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்றால் விண்டோ எண்களில் பாதிக்கு மேல் போகக்கூடாது.

சரி, கோ-பேக்-என்னா, செலக்டிவ் ரிப்பீட்டா? இங்கே பிழை விகிதம்தான் பேசும். ஆயிரத்தில் ஒரு ஃபிரேம் கெடுகிறது என்றால், மேலே சொன்ன செயற்கைக்கோள் வழியில் கோ-பேக்-என் 94 சதவீதம் தரும். செலக்டிவ் ரிப்பீட் 99.9. ஆறு சதவீதத்துக்காக அவ்வளவு சிக்கலைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று நான் யோசிப்பேன். நூறில் ஒன்று கெட்டால் 61-க்கு 99. மழை பிடித்து நூறில் ஐந்து கெட்டால் 23-க்கு 95. அப்போது யோசிக்கவே வேண்டாம். ஒரு ஃபிரேம் கெட்டதற்காக வாய்க்காலில் இருக்கிற அத்தனை தண்ணீரையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புவதுதான் கோ-பேக்-என். வாய்க்கால் நீளமாகவும் உடைப்பு அடிக்கடியும் இருந்தால் வடிப்பதே வேலையாகிவிடும்.

ஆனால் செலக்டிவ் ரிப்பீட்டுக்குப் பெறுபவரிடம் இடம் வேண்டும். 64 ஃபிரேம், ஆயிரம் பைட் வீதம், 64,000 பைட். கூடவே எது வந்தது, எது காலி என்ற கணக்கு. ஆர்டுயினோ ஊனோவில் மொத்த ரேம் 2 கிலோபைட். அதில் இதை எழுதவே முடியாது. கோ-பேக்-என்னில் பெறுபவர் நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஒரு எண், அடுத்து எது வர வேண்டும் என்பது. அது வந்தால் எடு, வேறெது வந்தாலும் எறி. விண்வெளிக் கலங்களுக்குக் கட்டளை அனுப்ப விண்வெளி நிறுவனங்களின் கூட்டுத் தர அமைப்பான சி.சி.எஸ்.டி.எஸ். வகுத்த காப்-1 முறை கோ-பேக்-என் வகைதான். தூரம் அதிகம்தானே, ஏன் இது என்று தோன்றலாம். கட்டளைகள் வரிசை தவறாமல் போக வேண்டும், கலத்திலுள்ள பக்கம் எளிமையாக இருக்க வேண்டும், அனுப்பும் பக்கத்தின் சிக்கலைத் தரையில் இருக்கும் கணினி சுமந்துகொள்ளும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. சிக்கலைத் தாங்கக்கூடிய முனையில் சிக்கலை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் மீட்பைப் பற்றிப் பேசினேன். ஆனால் நான் பழுது பார்க்கப் போன இடங்களில் பாதிக்கு மேல் கோளாறு இருந்தது மீட்பில் அல்ல, ஃபிரேமின் எல்லையில்.

ஒரு இடத்தில் ஒரு மீட்டர் எப்போதாவது மறைந்துபோகும். சில நிமிடம் பதில் கிடையாது, அப்புறம் தானாக வந்துவிடும். கம்பியை மாற்றிப் பார்த்தார்கள், டெர்மினேஷன் மின்தடையை மாற்றிப் பார்த்தார்கள். நான் போய் பைட்டுகளைத் தசம எண்ணில் அச்சடித்துப் பார்த்தேன். யூனிட் கணக்கின் கடைசி பைட் 123, 124, 125 என்று ஏறியது. அடுத்தது வரவில்லை. பிறகு 127 வந்தது, 128 வந்தது. 126-ஐக் காணோம். அந்த மென்பொருளில் ஃபிரேமின் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் 126. அளவிலேயே 126 வந்தபோது, பெறுபவர் ஃபிரேம் முடிந்துவிட்டது என்று வெட்டிவிட்டார். அடுத்த யூனிட் ஓடும்வரை மீட்டர் ஊமை. 256 யூனிட்டுக்கு ஒருமுறை இதே கதை.

126 என்பதை இரண்டடிமான எண்ணாக எழுதினால் 01111110. எச்.டி.எல்.சி. என்ற டேட்டா லிங்க் புரொட்டோக்காலின் கொடி, அதாவது எல்லைக் குறி, இது. ஐ.பி.எம். எழுபதுகளில் கொண்டுவந்த எஸ்.டி.எல்.சி.யிலிருந்து பிறந்து ஐ.எஸ்.ஓ. தரமானது எச்.டி.எல்.சி. உள்ளே இருக்கும் தரவில் இந்தக் கொடி வந்துவிடாமல் இருக்க அது செய்யும் வேலை அழகானது. தொடர்ந்து ஐந்து 1 வந்தால் அனுப்புபவர் ஒரு 0-ஐச் செருகுவார், பெறுபவர் அதை எடுத்துவிடுவார். ஆக ஆறு 1 சேர்ந்து கொடியில் மட்டும்தான் வரும். மிக மோசமான நிலையிலும் ஐந்து பிட்டுக்கு ஒன்றுதான் கூடுதல். ஆனால் இதற்குப் பிட் பிட்டாக வேலை செய்யும் வன்பொருள் வேண்டும். சாதாரண யுஆர்ட், அதாவது மைக்ரோகன்ட்ரோலரின் சீரியல் போர்ட், பைட் பைட்டாகத்தான் பேசும்.

அதனால் இணையப் பாக்கெட்டுகளை இரண்டு முனைக்கு நடுவே கொண்டுபோகும் பி.பி.பி. பைட் அளவில் செய்கிறது. தரவில் 126 வந்தால் 125, 94 என்று இரண்டாக அனுப்பு. 125 வந்தால் 125, 93. எழுத இருபது வரி போதும். தரவு முழுக்க 126-ஆகவே இருந்தால் நீளம் இரட்டிப்பாகும் என்பதுதான் குறை. அந்தக் குறையும் வேண்டாம் என்றால் காப்ஸ் இருக்கிறது. ஸ்டூவர்ட் செஷயரும் மேரி பேக்கரும் 1997-இல் வெளியிட்டது. பூஜ்யத்தை எல்லைக் குறியாக வைத்து, தரவிலிருக்கும் பூஜ்யங்களை எல்லாம் "அடுத்த பூஜ்யம் இத்தனை பைட் தள்ளி" என்ற எண்ணாக மாற்றிவிடும். 254 பைட்டுக்கு ஒரு பைட்தான் அதிகபட்சக் கூடுதல். பஃபரின் அளவை முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல முடிகிறது என்பதால், சின்ன மைக்ரோகன்ட்ரோலரில் புதிதாக எழுதுவதென்றால் நான் இதைத்தான் எடுக்கிறேன்.

மோட்பஸ் ஆர்.டி.யு. குறியே வைப்பதில்லை. மூன்றரை எழுத்து நேரம் மௌனம் இருந்தால் ஃபிரேம் முடிந்தது. 9600-இல் அது 4 மில்லிவினாடி. கருவிக்கும் கருவிக்கும் நடுவே இது நன்றாகவே நடக்கிறது. நடுவில் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வைத்துக் கணினியில் படித்தால், சில கன்வெர்ட்டர்கள் 16 மில்லிவினாடி வரை பைட்டுகளைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும். மௌனமெல்லாம் கலைந்துபோகும். கணினிப் பக்கத்தில் இடைவெளியை நம்பாமல், எதிர்பார்க்கும் நீளத்தையும் சி.ஆர்.சி.யையும் வைத்துப் பிரிப்பதே பத்திரம்.

ஃபிரேமின் தலையில் நீளத்தை எழுதிவிடுவது இன்னொரு வழி. எளிது, ஆனால் அந்த நீள எண்ணே கெட்டுவிட்டால் எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்த ஃபிரேமையும் சேர்த்து விழுங்கிவிடும். டி.இ.சி. நிறுவனத்தின் டி.டி.சி.எம்.பி. இதற்காகவே தலைப்பகுதிக்கென்று தனியாக ஒரு சி.ஆர்.சி. வைத்தது. அப்படிச் செய்யாமல் வெறும் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பிழை கண்டுபிடிப்பில் எனக்கு இரண்டு மனமே இல்லை. எல்லா பைட்டையும் கூட்டி ஒரு பைட்டில் எழுதும் செக்சம் வேண்டாம். 1, 44 என்ற இரண்டு பைட் சேர்ந்தால் 300. இடம் மாறி 44, 1 ஆனால் 11,265. இரண்டின் கூட்டலும் 45-தான், செக்சம் தலையாட்டிவிடும். 16 பிட் சி.ஆர்.சி. இடமாற்றத்தைப் பிடிக்கும், 16 பிட் நீளம் வரையான தொடர்ப் பிழை எதையும் தப்ப விடாது. அட்டவணை வைத்தால் 512 பைட், வைக்காவிட்டால் பத்து வரி நிரல். சில நூறு பைட் ஃபிரேமுக்கு அது போதும். ஆயிரக்கணக்கில் போனால் 32 பிட். 1988-இல் ஆர்.எஃப்.சி. 1055 என்ற இணைய ஆவணமாக எழுதி வைக்கப்பட்ட ஸ்லிப் முறையில் பிழை சோதனையே கிடையாது. மேலே ஐ.பி. ஓடினால் மேல் அடுக்குகள் ஓரளவு பார்த்துக்கொள்ளும். வெறும் கருவி இணைப்பில் ஸ்லிப்பின் ஃபிரேம் முறையை எடுத்துக்கொண்டால் சி.ஆர்.சி.யை நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஆயத்தமாக இருப்பதை எடுப்பதா, சொந்தமாக எழுதுவதா? மறுமுனையில் இருப்பது யாரோ செய்த மீட்டரோ டிரைவோ என்றால் கேள்வியே இல்லை, அது பேசும் மோட்பஸ்தான். இரண்டு முனைக்கு நடுவே ஐ.பி. ஓட வேண்டும் என்றால் பி.பி.பி.தான். முழு எச்.டி.எல்.சி., அதன் பிள்ளைகளான எக்ஸ்.25-இன் லாப்-பி, ஐ.எஸ்.டி.என்.-இன் லாப்-டி எல்லாம் எண்ணிடல், கெட்டதைத் திரும்பக் கேட்கும் ரிஜெக்ட், "கொஞ்சம் பொறு" என்ற ஆர்.என்.ஆர். என்று யோசித்து யோசித்துச் செய்தவை. படித்துப் பாருங்கள், எடுத்தாளுங்கள். ஆனால் 2 கிலோபைட் போர்டில் அதை முழுசாக எழுத உட்காராதீர்கள்.

இரண்டு முனையும் நம் கையில் இருந்து, ஒரு கம்பியோ ஒரு ரேடியோவோ என்றால் நான் போடுவது இது: காப்ஸ் எல்லை, 16 பிட் சி.ஆர்.சி., ஸ்டாப் அண்ட் வெயிட். வரிசை எண் ஒரு பிட்டாக வைக்காமல் ஒரு முழு பைட்டாக வைப்பேன். கணக்குப்படி ஒரு பிட் போதும். ஆனால் ஒரு முனை மின்சாரம் போய் வந்தால் எண் 0-இலிருந்து தொடங்கும், ஒரு பிட் என்றால் புதிய கட்டளை பழையதன் நகலாகத் தெரிவதற்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர் மோட்டார் ரூமில் மின்சாரம் போகாத நாள் எது? ஒரு பைட் வைத்து, தொடக்க எண்ணைத் தற்செயலாக எடுத்தால் அந்த வாய்ப்பு 256-இல் ஒன்றாகிவிடும்.

டைம்அவுட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். தோப்பு ரேடியோவில் கட்டளை 370, பதில் 250, பெட்டி யோசிக்க கொஞ்சம் என்று எழுநூறு மில்லிவினாடியைத் தொட்டுவிடும். அரை வினாடி என்று இறுக்கி வைத்தால் பதில் வந்துகொண்டிருக்கும்போதே திரும்ப அனுப்பி இரண்டையும் கெடுப்போம். இரண்டு வினாடியோடு, ஒவ்வொரு முறையும் தற்செயலாக ஒரு வினாடி வரை கூட்டிக்கொள்ளச் செய்தேன். பக்கத்துத் தோப்பிலும் இதே அலைவரிசையில் ஒரு பெட்டி இருந்து, இரண்டும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப அனுப்பினால் மோதிக்கொண்டே இருக்கும். ஹவாயில் நார்மன் ஆப்ரம்சன் குழுவின் அலோஹா வலையமைப்பு 1971-இல் தொடங்கியதிலிருந்து தெரிந்த விஷயம்: யாரையும் கேட்காமல் நினைத்தபோது அனுப்பும் முறையில் வழியின் கொள்ளளவில் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் போகாது.

தோப்பில் கட்டளையையும் மாற்றினேன். "நிலையை மாற்று" போய்விட்டது, "ஓடு", "நில்" என்று இரண்டு. வரிசை எண்ணும் சேர்த்து, பெட்டியைக் கொண்டுபோகும் முன் மேசையிலேயே ஒரு சோதனை வைத்தேன். பம்புப் பெட்டி அனுப்பும் பதில்களில் முதல் நான்கை வேண்டுமென்றே விழுங்கிவிடும்படி இரண்டு வரி எழுதினேன். பட்டனை அமுக்கினேன். கட்டளை ஐந்து முறை போனது. ரிலே "டக்" என்று ஒரே ஒரு முறை அடித்தது. அதை இருபது தடவை கேட்ட பிறகுதான் பல்லடத்துக்கு பஸ் ஏறினேன்.